சூடானால் இறுகும், ஆறினால் விடும்

இப்படி ஒரு பயணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு குடும்பம் பத்துமலைக்குக் கிளம்புகிறது. பழைய கார்தான், ஆனால் நேற்றுவரை ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை. ஈஜோக் வரை சுகமாக ஓடியது. லாதார் நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்கு ஏதோ சரியில்லை என்று படுகிறது. கார் கனக்கிறது. அதே வேகத்துக்கு வழக்கத்தைவிட அதிகமாக எண்ணெய் அழுத்த வேண்டியிருக்கிறது. ரவாங்கை நெருங்கும்போது கருகும் வாடை. பிரேக் மிதியில் கால் வைத்தால் அது கல்லைப்போல் கெட்டியாக மேலேயே நிற்கிறது. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால் இரண்டு முன்சக்கரங்களிலிருந்தும் அனல் அடிக்கிறது.

அரை மணி நேரம் கழித்துக் காரை எடுத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது.

மறுநாள் பட்டறையில் காரைத் தூக்கி வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கிறார்கள். தாராளமாகச் சுற்றுகிறது. "ஒன்னும் இல்லையே அண்ணே!" என்கிறார் மெக்கானிக். இருந்தாலும் சந்தேகத்துக்குப் பிரேக் பேட்டை மாற்றுகிறார். அடுத்த வாரம் அதே வாடை. பிறகு டிஸ்க்கை மாற்றுகிறார்கள். அதற்கடுத்து கேலிபரையும். பணம் போகிறது, கோளாறு போகவில்லை.

வாகனக் கோளாறுகளில் இது ஒரு தனி இனம். குளிர்ந்திருக்கும்போது தன் தடயத்தைத் தானே அழித்துவிடும். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது கார் ஆறிவிடுகிறது, சாட்சியும் காணாமல் போகிறது. எனவே அனுமானத்தில் பாகங்களை மாற்றுவதைவிட, ஏன் சூட்டில் மட்டும் இப்படி ஆகிறது என்று யோசிப்பது மலிவு. அதற்குத் தேவையான இயற்பியல் பெரும்பாலும் உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

இரண்டு நிமிடத்தில் எவ்வளவு சூடு?

கோல சிலாங்கூர் வட்டாரம் தட்டையான பூமி. புக்கிட் மெலாவத்தியை விட்டால் குன்று என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் பக்கம் சாலைகள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் போகும். கெந்திங் மலையிலிருந்து இறங்கும் காரின் பிரேக் சூடானால் அதில் வியப்பில்லை. மலையின் உயரம் முழுவதும் வெப்பமாக மாறியாக வேண்டும். ஆனால் சமதரையில், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓடிய காரில் சக்கரம் கொதித்தால், பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

லேசாக உரசுவதால் அவ்வளவு சூடு வருமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரேக் பேட்டுகள் டிஸ்க்கை உரசுவதால் காரின் ஓட்டத்துக்கு 100 நியூட்டன் தடை என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ அரிசி மூட்டையைக் கையில் தூக்கிப் பிடிக்கத் தேவைப்படும் விசை ஏறக்குறைய அவ்வளவுதான். ஓட்டுநருக்கு இது தெரியக்கூடத் தெரியாது. கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 25 மீட்டர் போகிறது. விசையை வேகத்தால் பெருக்கினால் ஆற்றல் செலவாகும் வீதம் கிடைக்கும்: 100 × 25 = 2,500 வாட். வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கெட்டில்கூடப் பொதுவாக 2,000 வாட் அளவில்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஒன்று உங்கள் முன்சக்கரங்களுக்குள் விடாமல் எரிந்துகொண்டிருக்கிறது.

1,000 கிலோ எடையுள்ள ஒரு காரை 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுவதுமாக நிறுத்தினால் வெளிவரும் வெப்பம் 312,500 ஜூல். அரிசி மூட்டை அளவு உரசல் அதே வெப்பத்தை இரண்டு நிமிடம் ஐந்து வினாடியில் உண்டாக்கிவிடும். நிறுத்திய கார் அதன்பின் ஓய்வெடுக்கும், உரசும் காருக்கோ ஓய்வே இல்லை. இரண்டு முன் டிஸ்க்குகளும் சேர்ந்து 10 கிலோ என்று கொண்டால், இரும்பின் தன்வெப்ப ஏற்புத்திறனை வைத்து (படிவம் 4-இல் நீங்கள் 'முவாத்தான் ஹாபா தெந்து' என்று படிப்பதுதான்) கணக்கிட்டால், ஒவ்வொரு இரண்டு வினாடிக்கும் ஏறக்குறைய ஒரு பாகை வெப்பம் ஏறும். காற்று பட்டுக் கொஞ்சம் ஆறும், உண்மைதான். ஆனால் ஐந்து, பத்து நிமிடம் என்று நீளும்போது காற்றால் சமாளிக்க முடிவதில்லை. ஏனென்றால் உரசலும் அதே 100 நியூட்டனில் நின்றுவிடுவதில்லை, வளர்ந்துகொண்டே போகிறது. அது ஏன் என்பதற்குப் பிரேக்கின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும்.

பிஸ்டனைத் திரும்ப இழுப்பது யார்?

மிதியை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது பலருக்கும் தெரியும். மிதியின் விசையைப் பூஸ்டர் பெருக்குகிறது. அது ஒரு சிறு தண்டின் வழியாக மாஸ்டர் பம்பின் பிஸ்டனைத் தள்ளுகிறது. பம்பில் உண்டாகும் அழுத்தம் திரவத்தின் வழியாகக் குறையாமல் எல்லாச் சக்கரங்களுக்கும் போகிறது. இதுவே பாஸ்கல் தத்துவம். முன்சக்கரத்தில் கேலிபருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே தள்ளப்பட்டு, பேட்டுகள் சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வுகின்றன.

மிதியிலிருந்து காலை எடுத்ததும் என்ன நடக்கிறது? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் நம் கோளாறு இங்கேதான் இருக்கிறது. பின்சக்கர டிரம் பிரேக்கில் இழுத்துக்கொள்ளச் சுருள்வில்கள் உண்டு. கேலிபரில் பிஸ்டனை இழுக்கும் வில் கிடையாது. அந்த வேலையைச் செய்வது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ஒரு ரப்பர் வளையம். அது வெறும் கசிவு தடுக்கும் வளையம் அல்ல. பிஸ்டன் வெளியே நகரும்போது வளையமும் அதைப் பிடித்தபடி லேசாகச் சாய்ந்து முறுகும். அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. பேட்டும் டிஸ்க்கும் பிரிந்து நிற்க அதுவே போதும்.

ரப்பர் இந்த வேலைக்கு வந்த கதையையும் சொல்லிவிடலாம். நான்கு சக்கரங்களுக்கும் திரவப் பிரேக் வைத்து 1921-இல் விற்பனைக்கு வந்த டூசன்பர்க் கார் அமெரிக்காவில் பெயர் பெற்றது. அதன் பின்னால் இருந்தவர் மால்கம் லாக்ஹெட். தொடக்ககாலத் திரவப் பிரேக்குகளில் தோலால் செய்த அடைப்புகள் இருந்தன, அவை கசிந்தன. கிரைஸ்லர் நிறுவனத்தின் பொறியாளர்கள் அவற்றுக்குப் பதில் ரப்பர் கிண்ணங்களை வைத்து, 1924-இல் தங்கள் காரில் பொருத்தினார்கள். சிலாங்கூர் தோட்டங்களில் நம் பாட்டன் பூட்டிமார் விடியற்காலையில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது.

வளையம் பிஸ்டனை இழுத்தால் மட்டும் போதாது. பிஸ்டன் உள்ளே வர வேண்டுமானால், அங்கிருக்கும் திரவம் வந்த வழியே மாஸ்டர் பம்புக்குத் திரும்ப வேண்டும். அங்கே ஒரு மிகச் சிறிய துளை இருக்கிறது. மிதி முழுவதும் மேலே வந்தால்தான் அந்தத் துளை திறக்கும், திரவம் மேலிருக்கும் குப்பிக்குப் போகும். சில கார்களில் துளைக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் சிறு வால்வு இருக்கும். எப்படியிருந்தாலும், பிரேக் சூடாகித் திரவம் விரிவடையும்போது அந்தக் கூடுதல் கொள்ளளவுக்கு இருக்கும் ஒரே வெளிவாசல் இதுதான்.

இந்த வாசல் அடைபட்டால்?

கேலிபரைச் சுற்றி 20 மில்லிலிட்டர் திரவம் 60 பாகை சூடேறுகிறது என்போம். பிரேக் திரவம் சூட்டில் விரியும் அளவை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 1 மில்லிலிட்டர் கூடும். ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. அற்பமாகத் தெரிகிறதா? கேலிபர் பிஸ்டனின் முகப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர். அந்த 1 மில்லிலிட்டருக்கு வெளியேற வழியில்லை என்றால் அது பிஸ்டனை அரை மில்லிமீட்டர் தள்ளும். இருந்த இடைவெளியோ அதைவிடக் குறைவு. ஆகவே பேட்டு டிஸ்க்கைத் தொடுகிறது. தொட்டால் உரசல், உரசினால் சூடு. சூட்டில் திரவம் இன்னும் விரிகிறது, பிடி இன்னும் இறுகுகிறது, அதனால் இன்னும் சூடு. யாரும் மிதிக்காமலேயே பிரேக் தன்னைத்தானே மிதித்துக்கொள்கிறது.

கார் நின்றதும் இதே சங்கிலி தலைகீழாக ஓடும். திரவம் ஆறுகிறது, சுருங்குகிறது, அழுத்தம் இறங்குகிறது, சக்கரம் விடுபடுகிறது. பட்டறையில் "ஒன்னும் இல்லையே" என்று கேட்டதன் காரணம் இதுதான். மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த நேரத்தில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

எண்ணெய் என்று பெயர், எண்ணெய் அல்ல

வாசல் அடைபடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. மிகச் சாதாரணமானது, பூஸ்டருக்கும் மாஸ்டர் பம்புக்கும் நடுவில் இருக்கும் தண்டு தேவையைவிட ஒரு மில்லிமீட்டர் அளவு நீளமாக இருப்பது. வேறு மாதிரிக் காரின் பூஸ்டரையோ பம்பையோ வாங்கிப் பொருத்தும்போது இப்படி நேரும். தண்டு எப்போதும் பிஸ்டனைக் கொஞ்சம் தள்ளியபடியே இருக்கும், துளை ஒருபோதும் முழுதாகத் திறக்காது. மிதிக்கு மேலே இருக்கும் பிரேக் விளக்கு சுவிட்சைத் தவறாகத் திருகி வைத்தாலும் இதே விளைவுதான். மிதி மேலே வரவிடாமல் அந்தச் சுவிட்சே தடுத்துவிடும்.

இன்னொரு காரணம் இதைவிட மோசமானது. அதற்கு நம் பேச்சுவழக்கும் ஒரு பங்கு காரணம். நாம் 'பிரேக் எண்ணெய்' என்கிறோம், மலாயில் 'மிஞ்ஞாக் பிரெக்'. எண்ணெய்தானே என்று, குப்பியில் அளவு குறைந்தால், கையில் கிடைத்த இயந்திர எண்ணெயையோ ஹைட்ராலிக் எண்ணெயையோ ஊற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்துக் கொட்டகையில் அந்த டின்களுக்குப் பஞ்சமே இல்லை. சில டிராக்டர்களின் பிரேக்கில் கனிம எண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்பதால், அனுபவசாலிகளும் இதில் தவறுவதுண்டு.

காரின் பிரேக் குப்பி மூடியில் 'டாட் 3' அல்லது 'டாட் 4' என்று அச்சிட்டிருக்கும். அது கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம், தண்ணீரோடு கலக்கும் இயல்புள்ளது. வேதியியலில் நீங்கள் படித்திருப்பீர்கள்: ஒத்த இயல்புடையவைதான் ஒன்றில் ஒன்று கலக்கும். கிளைக்கால் முனைவுள்ள மூலக்கூறு. ரப்பர் முனைவில்லாத ஹைட்ரோகார்பன். ஆகவே கிளைக்கால் ரப்பருக்குள் நுழைவதில்லை. கனிம எண்ணெய் ரப்பரைப் போலவே முனைவில்லாதது. அது ரப்பருக்குள் புகுந்து, அதன் நீண்ட மூலக்கூறுகளை விலக்கி உட்கார்ந்துகொள்கிறது. ரப்பர் ஊதிவிடுகிறது. அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்களின் இயற்கை ரப்பருக்கு மட்டுமல்ல, இன்றைய செயற்கை ரப்பர் வளையங்களுக்கும் இதே கதிதான். மாஸ்டர் பம்பின் கிண்ணம் ஊதினால் அந்தச் சிறு துளையை மூடிக்கொள்கிறது. வெயிலிலும் இயந்திரச் சூட்டிலும் ரப்பர் மேலும் விரியும்போது, காலையில் கொஞ்சம் திறந்திருந்த வழியும் மதியத்தில் அடைந்துபோகிறது.

வேடிக்கை என்னவென்றால், 'எண்ணெய்' என்ற பெயர் முற்றிலும் காரணமில்லாமல் வரவில்லை. முற்காலப் பிரேக் திரவங்களில் ஆமணக்கு எண்ணெயும் ஆல்கஹாலும் கலந்திருந்தன. பாட்டி வயிறு சுத்தம் செய்யக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான்! அதன் மூலக்கூறில் ஹைட்ராக்சில் தொகுதி இருப்பதால் மற்ற எண்ணெய்களைப்போல் அது இயற்கை ரப்பரை ஊதவைப்பதில்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே அளவுள்ள மூன்று ரப்பர் பட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தண்ணீரிலும், ஒன்றை விளக்கெண்ணெயிலும், மற்றொன்றைக் கனிம எண்ணெயால் செய்த பேபி ஆயிலிலும் போடுங்கள் (சிட்டையில் 'மினரல் ஆயில்' அல்லது 'பாரபின்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்). மூன்று நாள் கழித்துத் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

கார் குப்பியில் தவறான எண்ணெய் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பதும் எளிது. குப்பி மூடியின் உட்புறத்தில் உள்ள ரப்பர் தகடு உப்பி நெளிந்து, இருந்த இடத்தில் மீண்டும் உட்கார மறுத்தால், அது முதல் அறிகுறி. அடுத்து, குப்பியிலிருந்து சிறிதளவு திரவத்தை எடுத்து, கண்ணாடிக் குவளையில் இருக்கும் தண்ணீரில் விட வேண்டும். சரியான டாட் 3, டாட் 4 திரவம் தண்ணீரில் கரைந்துவிடும். எண்ணெய் கலந்திருந்தால் மேலே படலமாக மிதக்கும். பிரேக் திரவம் நஞ்சு, காரின் சாயத்தையும் அரிக்கும். எனவே பெரியவர் துணையோடு கையுறை அணிந்து செய்யுங்கள். அந்தக் குவளையை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோகக் கூடாது. படலம் மிதந்தால் செலவு பெரிது: ரப்பர் உள்ள எல்லாப் பாகங்களையும் மாற்றித்தான் ஆக வேண்டும். திரவத்தை மட்டும் மாற்றிவிட்டால் ஊதிய ரப்பர் பழைய நிலைக்கு வராது.

எந்த மதகு அடைத்திருக்கிறது?

இப்போது நோயறியும் வேலை. முதல் விதி, கோளாறு இருக்கும்போதே பிடிக்க வேண்டும். மெக்கானிக் காரை ஓட்டிச் சூடாக்கி, பிடி இறுகிய நிலையிலேயே பட்டறைக்குள் கொண்டுவர வேண்டும். ஆறிய காரில் தேடுவது, காய்ச்சல் விட்டபின் வெப்பமானி வைப்பதற்குச் சமம்.

அடுத்து, எந்தச் சக்கரம் சூடு? கையால் தொட்டுப் பார்க்கவே கூடாது. டிஸ்க் 200 பாகையைத் தாண்டியிருக்கலாம். பட்டறைகளில் அகச்சிவப்பு வெப்பமானி இருக்கும். கோவிட் காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி இதற்கு உதவாது, அது உடல் வெப்ப எல்லைக்குள் மட்டுமே அளக்கும். கருவி ஒன்றும் இல்லையென்றால் ரிம்மின் மேல் விரலால் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து, 'சொய்' என்கிறதா என்று பார்க்கலாம். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சூடாக இருப்பது இயல்பு, அதனால் இடதை வலதோடு ஒப்பிடுங்கள்.

ஒரே ஒரு சக்கரம் கொதித்தால் குற்றவாளி பெரும்பாலும் அந்தச் சக்கரத்திலேயே இருப்பான். பின்சக்கரங்கள் மட்டும் என்றால் ஹேண்ட்பிரேக் கம்பியைச் சந்தேகிக்கலாம். எல்லாச் சக்கரங்களும், அல்லது இரண்டு முன்சக்கரங்களும் ஒரே அளவில் கொதித்தால் மிதி, பூஸ்டர், மாஸ்டர் பம்ப் பக்கம் போக வேண்டும். முன்சக்கர இயக்கமுள்ள பல கார்களில் குழாய்கள் குறுக்காகப் பிரிந்திருக்கும். முன் இடதும் பின் வலதும் மட்டும் சூடென்றால் பம்பின் ஒரு பாதியில்தான் கோளாறு.

இனி வருவது மெக்கானிக்கின் வேலை, மாணவர்கள் கை வைக்கக் கூடாது. ஆனால் அதன் தர்க்கம் யாருக்கும் சொந்தமானதுதான். கார் அசையாமல் தாங்கியில் நிற்க, சக்கரம் தரையிலிருந்து உயர்ந்திருக்க, பிடி இன்னும் இறுகியே இருக்கிறது. முதலில் இயந்திரத்தை நிறுத்தி, மிதியைச் சில முறை அழுத்திப் பூஸ்டரின் வெற்றிடத்தைக் காலி செய்கிறார். சக்கரம் விட்டுவிட்டதா? அப்படியானால் பூஸ்டர்தான் அழுத்திப் பிடித்திருந்தது. இல்லையா? மிதியைக் கால்விரலால் மேல்நோக்கித் தூக்குகிறார். இப்போது விட்டால், மிதி திரும்பாததுதான் குறை. அதுவும் இல்லையென்றால் மாஸ்டர் பம்பைப் பூஸ்டரோடு பிணைக்கும் நட்டுகளைத் தளர்த்தி, பம்பை இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் நகர்த்துகிறார். சக்கரம் விட்டால் தண்டு நீளம் என்பது உறுதி. விடவில்லையா? பம்பிலிருந்து வெளியேறும் குழாயின் இணைப்பைத் தளர்த்துகிறார். திரவம் பீய்ச்சி, சக்கரம் விட்டால், பம்பின் துளை அடைந்திருக்கிறது. அப்போதும் இறுகியே இருந்தால், சக்கரத்தில் உள்ள பிளீடர் திருகைத் திறக்கிறார். அங்கே அழுத்தம் வெளியேறி விடுபட்டால், பம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில், பெரும்பாலும் ரப்பர் குழாயில் அடைப்பு. பிளீடரைத் திறந்தும் சுற்றவில்லை என்றால், இது அழுத்தத்தின் வேலையே அல்ல. பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது, அல்லது கேலிபர் நகரும் ஊசிகள் சிக்கியிருக்கின்றன.

சூடான திரவம் கண்ணில் தெறிக்கும் என்பதால் இந்த வேலையில் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஏன் மிதிப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், நேராகச் சக்கரத்துப் பிளீடரைத் திறந்தால் என்ன என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பல பட்டறைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். தஞ்சோங் காராங் வயல் ஒன்றில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் வரிசையாக நான்கு மதகுகள். அவற்றில் ஒன்று அடைத்திருக்கிறது. வரப்பையே வெட்டிவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும்தான். ஆனால் எந்த மதகு அடைத்திருந்தது என்பது தெரியாமலே போகும். பிளீடரை முதலில் திறப்பது வரப்பை வெட்டுவது போன்றது. மேலே எங்கே கோளாறு இருந்தாலும் சக்கரம் விட்டுவிடும். கேலிபரில்தான் குறை என்று நினைத்து, நல்ல கேலிபரைக் கழற்றி எறிவார்கள். நம் கதையில் அந்தக் குடும்பத்தின் பணம் போனது இப்படித்தான்.

ரப்பர் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியே பார்த்தால் புதிதுபோல் இருக்கும் குழாயின் உட்சுவர் ஊதியோ உரிந்தோ வழியைக் குறுக்கியிருக்கலாம். மிதிக்கும்போது திரவம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் பல பத்து மடங்கு அழுத்தத்தில் போவதால் முட்டி மோதி நுழைந்துவிடும். திரும்பும்போது அதை இழுப்பது அந்தச் சிறு வளையத்தின் பலவீனமான விசை மட்டுமே. போக வழி உண்டு, வர வழி இல்லை.

ஊசிகள் சிக்குவதற்கு நம் பக்கத்துச் சாலைகளும் ஒரு காரணம். 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக ஆன தென்னமரம் தோட்டம் தொடங்கி, இன்றுவரை தோட்டத்துச் சாலைகள் பல செம்மண் சாலைகள். காய்ந்தால் புழுதி, நனைந்தால் சேறு. ஊசியை மூடும் ரப்பர் உறை கிழிந்திருந்தால் இரண்டும் உள்ளே போகும். அதற்குத் தடவும் பசையும் ரப்பரை ஊதவைக்காத வகையாக இருக்க வேண்டும். சாதாரண மசகு தடவினால் மறுபடியும் அதே ரப்பர் பிரச்சினைதான்.

கல்லாக இருந்த மிதி பஞ்சாகும் நேரம்

பேட்டு தேய்வதும் பெட்ரோல் வீணாவதும் இந்தக் கோளாறின் சிறிய தொல்லைகள். பெரிய ஆபத்து வேறு. புதிய டாட் 3 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. டாட் 4-க்கு 230. ஆனால் கிளைக்கால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்கா குறைவு? 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த நிலையில் தரவிதி கேட்கும் கொதிநிலை டாட் 3-க்கு 140 பாகை, டாட் 4-க்கு 155 பாகைதான். திரவத்தை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

உரசும் பிரேக்கின் சூடு கேலிபருக்குள் அந்த அளவைத் தொட்டால் திரவம் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பிடி தளர்ந்து அழுத்தம் இறங்கும் தறுவாயில் இது நடந்தால், அதுவரை கல்லாக இருந்த மிதி பஞ்சைப்போல் அடிவரை போகும். விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பிரேக், வேண்டும்போது பிடிக்காது. முன்னால் லாரி நிற்கும்போது இப்படி ஆனால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே காரில் போகும்போது கருகும் வாடை, கனக்கும் ஓட்டம், கெட்டியான மிதி மூன்றும் சேர்ந்து வந்தால், ஓட்டுகிறவரிடம் உடனே சொல்லுங்கள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான ஓரத்தில், காய்ந்த புல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். எல்லாரும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். டிஸ்க்கில் வாளியால் தண்ணீர் ஊற்றக் கூடாது, திடீரென ஆறும் இரும்பு வெடிக்கலாம். ஆறியபின் கார் நன்றாக ஓடுவதுபோல் தெரியும். அதை நம்பிப் பயணத்தைத் தொடரக் கூடாது. உரசலும் சூடும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், இந்த முறை திரவத்தில் ஏற்கெனவே ஆவியும் இருக்கலாம். இழுவை லாரிக்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல.

நம் கதையில் வந்த கார்? இரண்டு முன்சக்கரங்களும் ஒரே அளவில் கொதித்தன, மிதி உயர்ந்து கெட்டியாக நின்றது. இந்த இரண்டு குறிப்புகளே கேலிபரை விட்டுவிட்டு மாஸ்டர் பம்ப் பக்கம் போகச் சொல்கின்றன. நட்டைத் தளர்த்திப் பம்பை நகர்த்தியதும் சக்கரம் விடுபட்டால், தண்டின் நீளத்தைச் சரிசெய்வது ஒரு மணி நேர வேலைதான். வேலை முடிந்தபின் பட்டறை வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டாம். மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு, அதே நெடுஞ்சாலையில் அதே இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, இறங்கியவுடன் நான்கு சக்கரங்களின் சூட்டையும் அளக்கச் சொல்லுங்கள்.